சராஸ்ம் அண்ணையும் பழைய ஊரும்

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் பஸ் கராஜில் வேலை பார்த்த எவரையும் ஐயாயிரம் வருஷத்துக்கு முந்திய தஜிகிஸ்தானில் கொண்டுபோய் விட்டாலும் வழி தவறாது. காரணம், சராஸ்ம் அண்ணை.

சராஸ்ம் அங்கே மண்ணுக்குள் கிடந்து வெளியே வந்த ஒரு பழைய ஊர். டிவியில் அதைப் பார்த்த நாளிலிருந்து அண்ணையிடம் வேறு பேச்சில்லை.

"தம்பி, அந்தக் காலத்திலேயே செம்பு உருக்கியிருக்கினம். ஒரு பெண்ணைப் புதைச்ச குழியில சங்கு வளையல் கிடந்ததாம். கடல் எங்க, சராஸ்ம் எங்க? ஆரோ சுமந்துகொண்டு போயிருக்கினம்!"

"ஓம் அண்ணை, சாப்பிடுங்கோ."

ஒருநாள் பூவேலைத் தொப்பி போட்ட முதியவர் ஒருவர் அவர் ஓட்டிய பஸ்ஸில் ஏறினார். அண்ணை ஊரை விசாரித்தார். சராஸ்முக்குப் பக்கத்து ஊர்! பஸ் நின்றது நின்றதுதான். கால் மணி நேரம் மாடியிலும் கீழேயும் இருந்த பயணிகள் சேர்ந்து கத்தியும் அசையவில்லை. புகார் போனது. வேலை போய்விடும் என்று பயந்தோம்.

விசாரணை ஒரு மணி நேரம் நடந்தது. வெளியே வந்த வெள்ளைக்கார மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த வளையல் விஷயம் உண்மையா?" என்று கேட்டார். எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது.

அந்த ஊரில் முதியவரின் உறவினர் வீட்டில் தங்க இடம் கிடைத்தது. பாரிஸ் போகக் கேட்டுக்கொண்டிருந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு அண்ணை சராஸ்முக்குப் போனார். திரும்பி வந்ததும், பகிடி பண்ண நாங்கள் கன்டீனில் தயாராக இருந்தோம்.

"எப்பிடி அண்ணை உங்கட ஊர்?"

"மண்சுவர், தம்பி. முழங்கால் உயரம். மேல ஒரு கூரை. அவ்வளவுதான்."

சிரிக்க வாயெடுத்தோம்.

"அறைக்கு நடுவில வட்டமா அடுப்பு மாதிரி ஒண்டு. பூசை மேடை எண்டும் சொல்லுகினம். என்ர மனுசி அதுக்குப் பக்கத்தில குந்தி, 'இஞ்சயும் ஆரோ பிள்ளையளுக்குச் சமைச்சிருக்கினம் என்ன' எண்டு அழுதிட்டா. சண்டைக்காலத்தில ஷெல் விழுந்த பிறகு, ஊரில எங்கட வீட்டிலயும் அவ்வளவு சுவர்தானே மிஞ்சினது."

நான் எழுந்துபோய் அண்ணைக்கு ஒரு தேநீர் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அண்ணை ஓய்வு பெற்று, லண்டனின் மறு கோடியில், சட்டனில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை போவேன். "சும்மா இந்தப் பக்கம் வந்தனான், அண்ணை" என்பேன். வால்தம்ஸ்டோவிலிருந்து சட்டன் பக்கம் யாரும் சும்மா வருவதில்லை. அது அவருக்கும் தெரியும்.