பேரல் அண்ணாச்சி செய்த துப்பாக்கி

வளைகுடா நாடுகள் அத்தனையிலும் சேர்த்து, பேரல் என்ற சொல்லைக் கேட்டதும் எண்ணெயை நினைக்காத ஒரே ஆசாமி எங்கள் பேரல் அண்ணாச்சிதான். கேம்ப் மெஸ்ஸில் யாராவது செய்தி பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு பேரல் என்ன விலை?" என்று வம்புக்கு இழுப்பார்கள். அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "எத்தனை இஞ்ச் நீளத்துக்கு வே?"

அவருக்கு பேரல் என்றால் துப்பாக்கிக் குழல். வேறு அர்த்தம் இருப்பதையே அவர் ஒப்புக்கொண்டதில்லை.

அல் ஐன் ஊருக்கு வெளியே, மணல்மேடுகள் தொடங்குகிற இடத்தில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப். வசதியுள்ள உள்ளூர்க்காரர்கள் லைசென்ஸோடு வந்து, அட்டையில் வரைந்த வட்டத்தைக் குறிபார்த்துச் சுட்டுவிட்டு, கஹ்வா என்கிற அரபுக் காபி குடித்துவிட்டுப் போவார்கள். நான் முன்பக்கம் கவுண்டரில். அண்ணாச்சி பின்பக்கம் ஒர்க்‌ஷாப்பில். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். ருவைஸில் எண்ணெய் ஆலையில் பதினைந்து வருடம் லேத் ஓட்டியவர். இரும்பை மயிரிழை கணக்கில் கடையத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கிளப் தேடியபோது இங்கே வந்து சேர்ந்தார். அதன் பிறகு அவருடைய சொந்தப் பெயர் ஐடி கார்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. துப்பாக்கியில் குண்டு தொடுகிற பாகம் என்று சில உண்டு, அழகுக்காகக் கண் மட்டும் தொடுகிற பாகம் என்று சில உண்டு. காசை முதலாவதில் போட வேண்டும், இரண்டாவதில் போடுகிறவன் கிறுக்கன். இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. உலகத்தையே அவர் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்.

அவருடைய சட்டைக் காலர் நூலாகத் தொங்கும். காலில் போட்டிருக்கும் ஷூவோ எங்கள் மேனேஜரிடம்கூட இல்லாத உசத்தி. ஒருமுறை மாலுக்குள் நுழைந்தபோது செக்யூரிட்டி சட்டையைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தான். ஷூவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். ரூமில் அவருக்குக் கட்டில் கிடையாது, பழைய பலகைகள்தான். அதன்மேல் ஹோட்டலில் இருப்பதுபோல் ஒரு மெத்தை.

"கட்டில் வாங்கக் கூடாதா அண்ணாச்சி?"

"முதுகு கட்டில்லயா வே படுது? மெத்தையிலல்லா படுது!"

இந்தச் சித்தாந்தத்தைத் தோற்கடித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான், அவருடைய மனைவி. மகள் கல்யாணத்தின்போது வீடியோ காலில் அண்ணாச்சி, "மேடை அலங்காரம்லாம் எதுக்கு? கண்ணு படுத எடம். சாப்பாட்டுல போடு" என்று உத்தரவு போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "அப்ப தாலிய மட்டும் என்னத்துக்குத் தங்கத்துல கட்டுனீய? அதுவும் கண்ணு படுத எடந்தானன்னு பித்தளையில கட்டிருக்கலாமே." அண்ணாச்சி இரண்டு நாள் லேத்தோடு மட்டும் பேசினார். மேடைக்கு மல்லிகைப்பூ தோரணம் வந்தது.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில், கிளப்பின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு காகிதத்தோடு வந்தார். எல்லோரும் அவரை அபு ராஷித் என்று கூப்பிடுவோம். கொழுகொழுவென்று, படியேறினால் மூச்சு வாங்குகிற, நல்ல மனிதர். கிளப்பின் ஆண்டுப் போட்டிக்கு அவருடைய சித்தப்பா மகன் தங்க வேலைப்பாடு செய்த துப்பாக்கியோடு வரப்போகிறானாம். அதைவிடப் பெரிதாகத் தனக்கு ஒன்று வேண்டும். காகிதத்தில் பட்டியல் இருந்தது. தோளில் அணைக்கிற கட்டைக்கு வரிவரியாய் ஓடும் வால்நட் மரம். பக்கவாட்டில் தங்கத்தில் ராஜாளி, அதன் கண்ணுக்கு ஒரு சிவப்புக் கல். கடைசி வரியில், 'பேரல்: ஏதாவது ஒன்று.'

அண்ணாச்சி காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பட்டியலில் மரத்தை அடித்தார். ராஜாளியை அடித்தார். கல்லை இரண்டு தடவை அடித்தார். அவருக்கு ஹிந்தி தண்ணி பட்ட பாடு. ஆனால் கோபம் வந்தால் தமிழ் மட்டும்தான் வரும்.

"ஏதாவது ஒண்ணா? இது துப்பாக்கியா, தேரா? இதத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போகச் சொல்லும் வே!"

அபு ராஷித் என்னைப் பார்த்தார். நான் ஹிந்தியில் சொன்னேன்: "உங்கள் ரசனை பிரமாதம் என்கிறார்."

"அப்புறம் ஏன் அடித்தார்?"

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அண்ணாச்சியை ஓரமாக இழுத்து, வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வதுதான் உன் வேலை என்றார். அண்ணாச்சி நேராக அபு ராஷித்திடம் போய், இந்தத் தடவை ஹிந்தியிலேயே விளக்கினார். நல்ல குழல் வேண்டும். விரல் வைத்தால் கண்ணாடி விரிசல் விடுவது மாதிரி சுத்தமாக விடுபடும் ட்ரிகர் வேண்டும். குழல் மாட்டிய இரும்பு, கட்டையில் அசையாமல் உட்கார வேண்டும். மற்றதெல்லாம் கிடக்கிறது கிடக்கட்டும்.

"எல்லாம் சரி," என்றார் அபு ராஷித். "ஆனால் ஜனங்கள் எதைப் பார்ப்பார்கள்?"

"அட்டையில் விழுந்த ஓட்டையைப் பார்ப்பார்கள், பாபா."

அபு ராஷித் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, உன் இஷ்டப்படி செய். தம்பி முன்னால் என்னைத் தலைகுனிய வைத்தால் இந்தக் கிளப் பக்கமே வரமாட்டேன்."

அவர் கார் கிளம்பும்வரை மேனேஜர் சிரித்த முகமாகக் கை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "அவர் வராவிட்டால் நீயும் வரவேண்டாம். விசா கேன்சல். கலாஸ், அவ்வளவுதான்" என்றார்.

பேரல் கப்பலில் வந்து சேர ஆறு வாரம் ஆனது. வந்த அன்றைக்கு அண்ணாச்சி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். பிள்ளை பெற்ற வீடு மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, என் கண்ணை அதன் ஒரு முனையில் வைக்கச் சொன்னார்.

"என்ன தெரியுது வே?"

"ஓட்டை."

என் கண்ணுக்கு முன்னாலிருந்து பேரலை இழுத்துத் துணியில் சுற்றிவிட்டார்.

ஒவ்வொன்றாகச் செய்தார். ட்ரிகரை நூறு தடவை கழற்றி மாட்டினார். கட்டைக்கு, யாரோ கழித்துப்போட்ட ஒரு பச்சை பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்து, உட்புறத்தை மட்டும் இரும்பு அச்சாய்ப் பொருந்தும்படி இழைத்தார். வெளியே பெயிண்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. மேலே வைக்கிற தொலைநோக்கி, ஸ்கோப் என்பார்கள், அதையும், குறி அதில்தானே இருக்கிறது என்று, நல்லதாகவே வாங்கச் சொன்னார். கடைசியாக, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் இரண்டு சின்ன வளையங்கள். டிராயரைத் துழாவி, எதிலிருந்தோ கழற்றிய பழைய ஜோடியை எடுத்தார்.

"இது போதுமா அண்ணாச்சி?"

"வளையந்தான வே. குண்டா அதுல பட்டுட்டுப் போவுது?"

போட்டி ஒரு சனிக்கிழமை காலை. தம்பிக்காரன் பெட்டியைத் திறந்தபோது தங்க ராஜாளி வெயிலில் பளபளத்து, சுற்றி நின்றவர்கள் முகத்தில் வெளிச்சம் அடித்தது. அடுத்ததாக அபு ராஷித் தன் பச்சைச் சொறியனை எடுத்து மேசையில் வைத்தார். தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இதைப் பழைய இரும்புக் கடையிலா வாங்கினாய்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அபு ராஷித்தும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

ஆளுக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு ஐந்து குண்டு. அபு ராஷித் படுத்து, மூச்சு வாங்கி, நிதானித்துச் சுட்டார். முதல் மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் போனதுபோல் நட்டநடுவில். கூட்டத்தின் சிரிப்பு நின்றது. அண்ணாச்சி என் கையைப் பிடித்து நசுக்கினார். நாலாவது குண்டு ஒரு சாண் தள்ளிப் போனது. ஐந்தாவது அட்டையின் மூலையைக் கிழித்தது.

தம்பி கைதட்டினான். அபு ராஷித் எழுந்து உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அண்ணாச்சியைப் பார்த்தார்.

நான் அவர் காதோரம் குனிந்தேன். "அண்ணாச்சி, காத்து அடிச்சுதுன்னு சொல்லிருங்க. இல்லன்னா அவரு கை நடுங்கிருச்சுன்னு நெனைச்சுக்கட்டும். யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் காதில் வாங்கவே இல்லை. போட்டி நடத்தும் அதிகாரியிடம் அனுமதி கேட்டுவிட்டு, துப்பாக்கி பக்கத்தில் முழங்காலிட்டு, ஸ்கோப்பை ஒரு விரலால் தொட்டார். ஆடுகிற பல் மாதிரி அசைந்தது. எழுந்து நின்று, அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஹிந்தியில் சொன்னார்.

"பாபா, தப்பு என்னுடையது. நல்ல பேரல் போட்டேன், நல்ல ட்ரிகர் போட்டேன். வளையத்தில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டேன். உங்கள் கை சரியாக இருக்கிறது. பிசகினது நான்."

அபு ராஷித் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ரிப்பேர் பண்ண முடியுமா?"

"நல்ல வளையம் இருந்தால் கால் மணி நேரம்."

அப்போது நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. விசா கேன்சல் என்று சொன்ன அதே மேனேஜர், பளபள ஷூவோடு மணலில் ஓட ஆரம்பித்தார். கடைக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே உயர்ந்த வளைய ஜோடியோடு மூச்சிரைக்க வந்து, "யல்லா, ஜல்தி!" என்றார்.

அண்ணாச்சி மாட்டினார். ஒவ்வொரு திருகையும் அளந்து முறுக்கினார். நெற்றி வியர்வை சொட்டாமலிருக்க நான் பக்கத்தில் டிஷ்யூ பெட்டியோடு நின்றேன். சரிபார்க்க இரண்டு குண்டு அனுமதித்தார்கள். பிறகு இரண்டாவது சுற்று. ஐந்து குண்டு. அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது, ஒரு திர்ஹம் காசை வைத்தால் ஐந்து ஓட்டையும் மறைந்துவிடும்.

முதல் சுற்று காலை வாரியதால் அபு ராஷித்துக்கு மூன்றாம் இடம்தான். ஆனால் தம்பிக்கு ஐந்தாம் இடம். குழல் சூடேற ஏற, தங்க ராஜாளியின் குண்டுகள் திசைக்கொன்றாய்ப் பறந்துவிட்டன. அபு ராஷித் அண்ணாச்சியை இழுத்து அணைத்து, அவர்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கு உரசினார். அந்த அட்டைக்கு இப்போது அவர் வீட்டில் விருந்தாளிகளை உட்கார வைக்கும் மஜ்லிஸில் கண்ணாடிச் சட்டம். துப்பாக்கியை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லையாம்.

முதல் பரிசு யாருக்கு என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. அது கிளப்பின் வாடகைத் துப்பாக்கியோடு வந்த ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸுக்குப் போனது. நாலு கை மாறிய குழல், கரகரக்கும் ட்ரிகர், புதிதாக வருகிறவர்கள் எல்லாம் பழகுகிற துப்பாக்கி. பரிசை வாங்கிக்கொண்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அந்தப் பெண் டாக்ஸி பிடித்துப் போய்விட்டாள்.

அண்ணாச்சி அவளுடைய அட்டையை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தாந்தம் போச்சே என்று நான் வாயைத் திறப்பதற்குள், "இந்தப் பிள்ள எல்லாத்தையும் பழக்கத்துல போட்டிருக்கு வே" என்றார். "நான் அத எந்தப் பட்டியல்லயும் எழுதலயே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நர்ஸ் பயிற்சிக்கு வந்தபோது, அண்ணாச்சி நூலான காலரோடு அவள் முன்னால் போய் நின்று, எனக்கும் சுடச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டார். நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளைச் சீர் செய்தவர், ஒன்றைக்கூட ஒழுங்காகச் சுடத் தெரியாதவர் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மேனேஜர் அனுமதி கொடுத்தார். "மூச்சைப் பிடி சார், சார், மூச்சு!" என்று அவள் கத்தக் கத்த, அண்ணாச்சி பாயில் குப்புறப் படுத்து அட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுட்டார். ஒவ்வொரு தடவை தவறும்போதும் மணல்மேடு அதிர அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு.

எனக்கு ஞாயிறு லீவு நாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காக, அந்தக் குளிர்காலம் முழுக்க அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து டியூட்டி கேட்டு வாங்கினேன். ஏன் என்று மேனேஜர் கேட்டதற்கு ஓவர்டைம் என்று பொய் சொன்னேன்.