டைனமோ சுற்றியவர்

கணினி படித்த புதிதில் மனிதருக்கு வாய் நீளும். எனக்கு முழங்கால் வரை நீண்டிருந்தது. இருபது வருடம் கழித்தும், அன்றைக்கு நான் சொன்ன ஒரு வசனத்தை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையவேண்டும்போல ஆத்திரம் வருகிறது.

அது போர் நின்றிருந்த சமாதான காலம். கிளிநொச்சியில் ஒரு கணினி நிலையத்தில் படித்தேன். நாளுக்கு ஜெனரேற்றர் ஓடும் மூன்று மணித்தியாலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு விளையாட்டு எழுதினேன். தவில் ஒலிக்கும், திரையில் வட்டங்கள் விழும், வட்டம் கோட்டைத் தொடும் கணத்தில் விசையைத் தட்டவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் சிவப்பில் 'தப்பு' என்று வரும். யாரும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து திருத்தலாம். (உலகத்துக்கே தானம். உடுக்க உருப்படியாக ஒரு சேட்டு இல்லை.)

அதற்குத் தவில் வாசித்தது அத்தான். அக்காவின் கணவர், உடையார்கட்டுப் பக்கம் பெயர்போன தவில்காரர், கோபம் மூக்கு நுனியில். ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: திரையில் அவர் பெயர் வரவேண்டும்.

கசற் றேடியோவில் பதிந்தோம். கடையில் பற்றரி தாராளமாகக் கிடைத்தது. ஆனால் பற்றரிக்கும் தடை இருந்த போர்க்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டு வளர்ந்த எனக்குப் பற்றரி வாங்குவது மானக்கேடாகப் பட்டது. நானே சுற்றினேன். அத்தான் பத்து நிமிடம் வாசித்தார். ஐந்தாவது நிமிடத்திலேயே என் தோள் கழன்றுவிட்டது.

பிறகு நிலையத்து ஜெனரேற்றர் கரண்டில் கசற்றை ஓடவிட்டுக் கணினியில் ஏற்றி, இரவல் ஹெட்போனில் முதல் நிமிடத்தை மட்டும் கேட்டு அளந்தேன். மிச்ச வட்டங்களை அதே வேகத்துக்குக் கணக்குப் போட்டு இறக்கினேன். முழுவதையும் ஒருதரம் காதால் கேட்டுப் பார்க்கவில்லை. மடையன்.

நிலையத்தின் கண்காட்சியன்று பெரிய ஒலிபெருக்கி கட்டினார்கள். திருவிழாவுக்கு அத்தானைப் பிடிக்கலாமா என்று பார்க்கக் கோயில் தலைவரும் வந்து முன்வரிசையில் இருந்தார். அத்தான் வேட்டி சால்வையோடு கதிரையில் அமர்ந்து, தன் வாசிப்புக்குத் தானே தட்டத் தொடங்கினார். முதலில் எல்லாம் சரியாக வந்தது. பிறகு ஒரு 'தப்பு'. பிறகு இரண்டு. கடைசியில் திரை முழுக்கச் சிவப்பு. அவர் அடித்த அடியில் ஒரு விசை கழன்று மேசைக்குக் கீழே போனது.

"இது என்னடா சொல்லுது?" என்றார்.

அந்த வசனத்தை அப்போதுதான் சொன்னேன். "கணினி பிழை விடாது அத்தான். நீங்கள்தான் கடைசியிலை தாளத்தை விட்டு முந்தி ஓடிட்டியள்."

தவில்காரரிடம், ஊர்ச்சனம் கேட்க, தாளம் ஓடிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அத்தான் எழும்பினார். என் மூளையில் தொடங்கி, என்னைப் படிப்பித்தவர்கள் வரை ஒருவரையும் விடவில்லை. அதற்கிடையில் பின்வரிசையிலிருந்து அக்கா ஆறுதலாக, அவசரமில்லாமல் கேட்டா:

"அண்டைக்கு டைனமோ சுத்தினது ஆர்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கை களைக்கக் களைக்க நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. அதை ஒழுங்கான வேகத்தில் போட்டால் தவில் பறக்கத்தானே செய்யும். அத்தான் ஓடவில்லை, ஓய்ந்தது என் கை. அதை அங்கேயே ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கவேண்டும். நான் "பிறகு பாப்பம்" என்று முணுமுணுத்தேன். கோயில் தலைவர் சால்வையை உதறிக்கொண்டு போய்விட்டார். அந்த வருடத் திருவிழாவுக்கு வேறு மேளம் பிடித்தார்கள். (காதுள்ள மனிதராக இருந்தால் தெரிந்திருக்கும். அவரிலும் எனக்குக் கோபம்தான்.)

அத்தான் ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் விளையாட்டை சீடியில் கொண்டுபோய் இணையத்தில் போட்டார். 2009இல் போரின் கடைசியில் எல்லாவற்றையும் விட்டு ஓடியபோது கசற்றும் போனது, தவிலும் போனது. அத்தானின் அந்த நாள் வாசிப்பில் மிஞ்சியது அந்தப் பிழையான பதிவு மட்டும்தான். அதை யாரோ முகம் தெரியாதவர்கள் மிகக் கடினமான கட்டம் என்று புகழ்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வேகத்தைச் சரிசெய்வது இப்போது அரைமணி நேர வேலை. செய்யட்டுமா என்று அத்தானிடம் கேட்டேன்.

"தொடாதை," என்றார். "திருத்தினா நீ செய்த பிழை ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும். என்ரை பேருக்குக் கீழை உன்ரை பேரையும் போடு."

போட்டேன். இன்று யார் திறந்தாலும் முதலில் வருவது அத்தானின் பெயர், தவில் என்று. அதற்குக் கீழே என் பெயர். விளையாட்டை எழுதியவர் என்று போட அவர் விடவில்லை. டைனமோ சுற்றியவர் என்றுதான் இருக்கிறது.