செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

காலை ஆறு மணிக்கு ஃபவ்வாஸ் மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது. எட்டு மாதமாக அப்படித்தான். ஒருவர் மட்டும் குளிக்கும் வீட்டில் தண்ணீர் மிஞ்சிவிடுகிறது. கீழே வந்து ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தொட்டு, ஸஅத்தர் மூலிகைப் பொடியில் தொட்டு, நின்றபடியே தின்றான். ஏழரைக்கு அலுவலகத்தில் இருந்தான்.

எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று சொல்லும் அலுவலகம் அது. ஒரு தெருவுக்கு வாரத்தில் ஒரு நாள். அன்றைக்குத் துணி துவைப்பார்கள், கம்பளம் அலசுவார்கள், தொட்டி நிரப்புவார்கள். பெண் பார்க்க வருகிறவர்களைக்கூட அந்த நாளில்தான் வரச் சொல்வார்கள்.

கிழமைப் பட்டியல் ஒரு பழைய கணினியில் இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஒன்பது வருடம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவள் மைசூன், ஃபவ்வாஸின் மனைவி. இப்போது அவள் நாற்காலியில் பிரிண்டர் இருந்தது.

"வியாழக்கிழமை பழைய சாமான் லாரி வருது. இந்தப் பெட்டி அதுல ஏறியாகணும்" என்றார் மேலதிகாரி என்ஜினியர் சுஹைர். "அதுக்குள்ள பட்டியல் புது மெஷின்ல ஓடணும். இல்லேன்னா நீ பாலைவனத்து பம்ப் ஸ்டேஷனுக்கு. அங்க கம்ப்யூட்டரே கிடையாது. நிம்மதியா இருக்கலாம்."

ஃபவ்வாஸ் தலையாட்டினான். பம்ப் ஸ்டேஷன் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. மைசூனின் உடைகளை அவள் தங்கை எடுத்துப்போயிருந்தாள். வளையல்களை மாமியார். அவளுடைய கடைசி வார்த்தையையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். கலிமா சொன்னாள் என்றார் மாமியார். உங்கள் பெயரைச் சொன்னாள் என்றாள் தங்கை. மருத்துவமனை வாசலில் அவன் கார் நிறுத்த இடம் தேடிய இருபது நிமிடத்தில் அவள் போய்விட்டாள். மாமியாரும் தங்கையும் அவனுக்குப் பிறகு வந்தவர்கள்.

மிச்சம் இருந்தது இந்தப் பட்டியல் மட்டும்தான். லாரி வருவதற்குள் அதைப் பிழையில்லாமல் வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பழைய மென்பொருளைப் புது மெஷினில் போட்டான். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. பழைய மெஷினைப் போல நடிக்கும் இன்னொரு மென்பொருளைப் போட்டு, அதற்குள் இதை ஓட்டினான். திறந்தது. ஆனால் எல்லாத் தெருப் பெயரும் கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்தில் முடிந்தது.

"இதெல்லாம் நம்ம ஊரா, ஹங்கேரியா?" என்றார் என்ஜினியர்.

எழுத்தைத் திருப்பிப் போட்டான். திங்கட்கிழமை மாலை புது மெஷின் முதல் தடவையாகத் தெருக்காரர்களின் போனுக்குத் தானே செய்தி அனுப்பியது: 'நாளை உங்கள் தண்ணீர் நாள்.'

செவ்வாய்க்கிழமை காலை பேக்கரித் தெருவிலிருந்து உம் லைத் வந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை.

"நாலு கம்பளத்துக்கு சோப்பு போட்டுட்டேன். தண்ணி எங்கடா?"

"உங்க நாள் எதும்மா?"

"வியாழன். ஆனா ஆபீஸே நாளைக்குன்னு சொன்னா, நம்ம பக்கம்தான் தப்போன்னு நம்பித் தொலைச்சேன்."

ஃபவ்வாஸ் யோசித்தான். பழைய மென்பொருளுக்கு வாரம் சனிக்கிழமை தொடங்கியது, இந்த ஊர்ப் பெரியவர்கள் எண்ணுவதுபோல. புது மெஷினுக்கு ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் ஒரு நாள் நகர்ந்திருந்தது. ஒரு நாள் பின்னுக்குத் தள்ளினான். அவன் தெருவுக்குச் சனிக்கிழமை என்று சரியாக வந்தது. அதனால் மற்றத் தெருக்களைப் பார்க்காமலே எல்லாம் சரி என்று நினைத்து, மன்னிப்புச் செய்தி அனுப்பினான்.

புதன்கிழமை, செய்தியை நம்பித் தண்ணீர் வராத ஐந்து தெருக்காரர்கள் வந்தார்கள். உம் லைத் கம்பளத்தையே கொண்டுவந்து வாசல் கம்பியில் போட்டாள். "காயற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். என் வீட்டுல வழுக்கி விழ இடமில்ல."

வால்வு திறக்கும் அபூ ரக்கான் காபியோடு உள்ளே வந்தார். அறுபது வயது. கையில் எப்போதும் அந்த நீளமான இரும்புச் சாவி.

"மாமா, இன்னிக்கு எந்தத் தெரு திறந்தீங்க?"

"திறக்க வேண்டியத."

"பட்டியலைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன், பார்த்தேன். உனக்கு முடிஞ்சிடுச்சா?"

"இல்ல."

"நல்லது. விடாத தம்பி. இன்னொரு தடவை தள்ளிப் பாரு."

பட்டியலில் தப்பு இருக்கலாம் என்று ஃபவ்வாஸுக்குத் தோன்றவே இல்லை. மைசூன் தப்பாக எழுத மாட்டாள். தப்பு புது மெஷினில். இந்த முறை இரண்டு நாள் முன்னுக்குத் தள்ளினான். வெள்ளிக்கிழமை ஒன்பது தெருவுக்குத் தண்ணீர் என்றது அது. வெள்ளிக்கிழமை வார விடுமுறை, வால்வு திறக்க ஆளே கிடையாது. அவன் நிறுத்துவதற்குள் ஒன்பது தெருவுக்கும் கிழமை மாறிய செய்தி போய்விட்டது.

வியாழக்கிழமை அலுவலக வாசலில் ஏழு கம்பளம் தொங்கியது.

"கடை போட்டுட்டோமா?" என்றார் என்ஜினியர். "மாற்றல் உத்தரவு டைப் ஆயிடுச்சு. லாரி பன்னிரண்டு மணிக்கு வருது. பன்னிரண்டரைக்குக் கையெழுத்து."

ஃபவ்வாஸ் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு அபூ ரக்கானின் பிக்கப் வண்டியில் ஏறினான். "போங்க மாமா. ஒவ்வொரு வால்வா நானே பார்க்கிறேன்."

"வெயில் ஜாஸ்தி தம்பி. நீ ஆபீஸ்ல இருந்து தள்ளிட்டிரு."

"போங்க."

பேக்கரித் தெரு முனையில் வண்டி நின்றது. வெயில் கண்ணில் அடித்தது. ஃபவ்வாஸ் தலைக்கு மேலிருந்த மறைப்பை இறக்கினான். அதில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு தெரு, கிழமை, சிவப்பு மையில் திருத்தங்கள். மைசூனின் கையெழுத்து. பேக்கரித் தெரு, வியாழன்.

கையிலிருந்த தாளோடு வைத்துப் பார்த்தான். நாலு தெரு ஒத்துப்போனது.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"ஏழு வருஷம்."

"அப்ப மெஷின்ல இருக்கறது?"

"அது புதுக் குழாய் போட்டு நாளெல்லாம் மாறினப்பவே செத்துப்போச்சு தம்பி. மெஷின் எதையும் மாத்த விடல. மைசூன் என்ஜினியர்ட்ட போய்ச் சொன்னா. லெட்டர் எழுதுன்னாரு. அவ இதை எழுதிட்டா. ஊருக்கு இந்த அட்டைதான் தண்ணி விட்டுட்டிருக்கு."

"ஏழு வருஷம் அந்த மெஷின் முன்னாடி என்னதான் பண்ணா?"

"சீட்டு விளையாடினா. பெரும்பாலும் ஜெயிப்பா."

ஃபவ்வாஸின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று அபூ ரக்கான் திரும்பிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. தூரத்தில் லாரி ஹாரன் அடித்தது.

அபூ ரக்கான் அட்டையை மெதுவாகப் பிரித்து அவன் மடியில் வைத்தார். "எடுத்துட்டுப் போ. அரை மணி நேரத்துல மெஷின்ல அடிச்சிடலாம். எனக்கு மனப்பாடம்."

"வாரம் முழுக்கப் பார்த்துட்டே இருந்தீங்களே. தெருத் தெருவா வந்து திட்டினாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

அபூ ரக்கான் இன்ஜினை அணைத்தார்.

"அன்னிக்கு மைசூன் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணா. நீ கார் நிறுத்தப் போயிருக்கேன்னா. எந்தத் தெருன்னு சொல்லத்தான் கூப்பிடறான்னு நெனச்சேன், தெனம் சொல்ற மாதிரி. சொல்லி முடிச்சா. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமில்ல. நர்ஸ்தான் போனை எடுத்தாங்க."

"என்ன சொன்னா?"

"'மாமா, எனக்கப்புறம் அந்த மெஷின் அவர் கைக்குத்தான் வரும். அதுல ஒண்ணும் இல்லைன்னு அவர்ட்ட சொல்லிடாதீங்க. கொஞ்ச நாளைக்கு அவருக்கு ஏதாவது வேலை இருக்கணும்.'"