விற்பனைக்கு ஒரு விளையாட்டுக் கணினி

அன்பு மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். உங்கள் நலம் அறிய ஆவல் நிறையவே இருக்கிறது. என் நலத்தைப் பற்றித்தான் உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. உங்கள் அக்கா நன்றாக இருக்கிறாள். கூடத்திலிருந்து தொலைக்காட்சி போன துக்கம் தவிர அவளுக்கு வேறு குறை கிடையாது. அது எப்படிப் போயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு ஆசியையும் மறக்காமல் சொல்லவும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள். கடிதத்தைப் படித்து எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு மேஜைமேல் ஒரு விளையாட்டுக் கணினி செத்துக் கிடக்கிறது. கொன்றவன் நான். தூண்டிவிட்டவர் நீங்கள். போன முறை வந்திருந்தபோது காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னீர்கள்? "அத்தான், உங்க பையன் போன்ல பேசற ஆளு இல்லை. ஆனா சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா கூட்டாளிங்களோட கேம்ல உட்கார்ந்துடுவான். அங்க வாய் மூட மாட்டான். அவங்க குழுவுல எப்பவும் ஒரு இடம் காலியா இருக்கும், முன்பின் தெரியாதவங்களும் போய்ச் சேரலாம். நீங்களும் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி அங்க போய் நில்லுங்களேன்" என்றீர்கள். சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாக ஊருக்குப் போய்விட்டீர்கள். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் எல்லோரும் வேலை செய்யச் சம்பளம் வாங்கினார்கள்; நான் அவர்களுக்காகப் பயப்படச் சம்பளம் வாங்கினேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதே வேலைதான். பையனிடம் நான் பேசியதெல்லாம் பார்த்துப் போ, ஓடாதே, ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே, இவ்வளவுதான். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறான். போன் செய்தால், "நல்லாருக்கீங்களாப்பா? சரி, அம்மாகிட்ட குடுங்க" என்கிறான். அவன்மேல் தப்பில்லை. எச்சரிக்கைப் பலகையோடு எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? ஆனால் இப்படியே இருந்தால் ஒரு நாள் அந்த "நல்லாருக்கீங்களாப்பா"வும் நின்றுவிடும் என்று பயப்படுகிறேன். மற்ற பயங்களுக்கெல்லாம் ஏதாவது உபாயம் வைத்திருக்கிறேன், மாப்பிள்ளை. இதற்கு ஒன்றும் இல்லை.

கையில் இருந்த பணம், உங்கள் அக்கா வாஷிங் மெஷினுக்கென்று சேர்த்து வைத்தது. கேட்கவே கூச்சமாக இருந்தது. அவளோ, "துணியை நான் கையாலேயே துவைச்சுக்கறேன். நீங்க போய்ப் பையன்கிட்ட பேசுங்க" என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்தப் பணத்தைப் பையில் வைத்து, பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர், "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்று கேட்டார். சொன்னேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எல்லாத்தையும் பழசா வாங்கிக்கலாம் சார். பவர் சப்ளை மட்டும் மட்டமா வாங்காதீங்க. ஒரு நாள் படார்னு போயிடும்" என்றார். "படார்னா?" என்று கேட்டேன். "படார்தான் சார்" என்றார். அதற்குமேல் நான் விளக்கம் கேட்கவில்லை. பாதிப் பணம் அந்தப் பவர் சப்ளைக்கே போயிற்று. அதைத் தொடவும் எனக்குத் தைரியம் இல்லாததால் அவரே பெட்டிக்குள் வைத்துத் திருகி, அதன் பின்பக்கம் இருந்த குட்டி சுவிட்சையும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மிச்சப் பணத்தில் மற்றதெல்லாம். பெட்டிக்கு ஒரு பக்கம் நசுங்கல். "அந்தப் பக்கத்தைச் சுவத்தோரமா வெச்சுடுங்க" என்றார். விளையாட்டுப் படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு பழையது. இதற்கு முன் யாரிடம் இருந்தது என்று விசாரித்தேன். "ஒரு டீச்சரம்மா வெச்சிருந்தாங்க சார். பரீட்சைப் பேப்பருக்கு மார்க் போட மட்டும்தான் யூஸ் பண்ணாங்க." மார்க் போட எதற்கு கிராபிக்ஸ் கார்டு என்று கேட்டேன். அவர் திடீரென்று அலமாரியைத் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார். திரை வாங்கப் பணம் இல்லை. தொலைக்காட்சி மேஜைக்கு வந்தது இப்படித்தான்.

கிளம்பும்போது கடைக்காரர் இன்னொரு குண்டையும் போட்டார். "உள்ளே இருக்கற போர்டைத் தொடறதுக்கு முன்னாடி இரும்பு ஏதாவது தொட்டுக்குங்க. நம்ம உடம்புல ஓடற கரண்ட்டே போதும், போர்டு காலி." இத்தனை காலம் மின்சாரம் என்னைக் கொன்றுவிடும் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். என்னாலும் ஒன்றைக் கொல்ல முடியும் என்பது புதுச் செய்தி. அன்று முதல் பீரோவைத் தொடாமல் நான் எதையும் தொடுவதில்லை. ஒரு திருகாணியை எடுக்கப் பீரோ, அதைப் போடப் பீரோ. உங்கள் அக்கா நீட்டிய தேநீரையும் பீரோவைத் தொட்டுவிட்டுத்தான் வாங்கினேன். கம்பளி விரிப்பில் நடந்தால் உடம்பில் கரண்ட் ஏறும், அவள் நடக்கக் கூடாது என்று சொன்னதில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

தொழிற்சாலைச் சட்டத்தையும் அமல்படுத்தினேன். மிக்ஸி ரிப்பேர் ஆனாலும் எங்கள் வீட்டில் இதுதான் நடைமுறை: வேலை தொடங்குமுன் மின்சாரத்தை அணைத்து, சுவிட்ச்மேல் "ஆள் வேலை செய்கிறார், இயக்காதே" என்று சிவப்புச் சீட்டு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். வேலையில் எத்தனை பேரோ அத்தனை அடையாளம். மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. சுவர் சுவிட்சை அணைத்துச் சீட்டை மாட்டினேன். உங்கள் அக்காவை டார்ச் பிடிக்கச் சொன்னேன்.

பிராசசரை வைத்து, அதைப் பிடித்துக்கொள்ளும் கம்பியை அழுத்தினால் எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. வர வேண்டிய சத்தம்தானாம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். திறந்து பார்த்தால் உங்கள் அக்காவும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், டார்ச் கூரையைப் பார்க்கிறது. அடுத்து, பிராசசர் சூடாகாமல் இருக்க மேலே ஒரு பசை தடவ வேண்டும். எவ்வளவு? பட்டாணி அளவு என்று தாளில் போட்டிருந்தது. காய்ந்த பட்டாணியா, ஊறிய பட்டாணியா? அதைச் சொல்லவில்லை. குறைந்தால் வெந்துவிடும், கூடினால் வழிந்துவிடும். சமையலறையிலிருந்து இரண்டு வகையையும் வரவழைத்துப் பக்கத்தில் வைத்து, நடுத்தரமாக ஒரு சொட்டு வைத்தேன். விழுந்தது மூன்று சொட்டு. நினைவகப் பட்டையை டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். டக்கென்றது பட்டையா என் முதுகா என்று இன்றுவரை தெரியாது.

எல்லாம் முடிந்து, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சிவப்புச் சீட்டை எடுத்து, சுவர் சுவிட்சைப் போட்டு, பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். படார் என்று கேட்கும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கையை எடுத்துப் பார்த்தேன். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. விசிறி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை. படார் என்றிருந்தால்கூடத் தேவலை, மாப்பிள்ளை. உயிர் இருந்தது என்றாவது தெரிந்திருக்கும். பவர் சப்ளையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றினேன், மாட்டினேன். மறுபடியும் கழற்றினேன். பின்பக்க வயர்களை உங்கள் அக்கா துணிக் கிளிப் ஒன்று போட்டு அழகாக ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த ஒழுங்கைக் கலைக்க மனம் வரவில்லை. அவள் டார்ச்சை அணைத்து வைத்தாள். கொல்லையில் போய்த் துணி துவைக்க உட்கார்ந்தாள். அந்தத் துவைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். எதையும் எவர் தலையிலும் கட்டிவிடும் சாமர்த்தியம் உங்களுக்கு உண்டு. தயவுசெய்து அடுத்த வாரம் வந்து இதை எடுத்துக்கொண்டு போய், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். டீச்சரம்மா கதையை வேண்டுமானால் தொடர்ந்து சொல்லலாம். வரும் பணத்தை அக்காவிடமே கொடுத்துவிடுங்கள். பையனிடம் மூச்சு விட வேண்டாம். அப்பாவுக்கு இது வராது என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாகத் தெரிய வேண்டியதில்லை.

குழந்தைகள் நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும், ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாமலும் வாழ ஆசீர்வதிக்கும்,

தங்கள் அன்பு அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குமுன் உங்கள் அக்கா படித்துக் காட்டச் சொன்னாள். துணிக் கிளிப் வரைக்கும் வந்தேன்.

"நிறுத்துங்க. அந்தக் கிளிப்பை நீங்க எதுக்குன்னு நினைச்சீங்க?"

"வயர் ஒதுங்கி நிக்குதேன்னு..."

"அது வயருக்கு இல்லை. பின்னாடி குட்டி சுவிட்சை அணைச்சுட்டு அதுமேல போட்டேன். ரெண்டு பேரும் வேலை செய்யறோம், உங்க அடையாளம் சுவர் சுவிட்சுல, என்னோடது பெட்டிக்குப் பின்னாடி. நீங்க உள்ளே கையை விட்டுட்டு இருக்கீங்க, எனக்குப் பயமா இருக்காதா?"

"அப்புறம் ஏன் எடுக்கலை?"

"வேலை முடிஞ்சுதுன்னு யாராவது எங்கிட்ட சொன்னீங்களா? கழட்டறீங்க, மாட்டறீங்க, திரும்பக் கழட்டறீங்க. உள்ளே கை இருக்கறப்ப எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

வேலை முடிந்தது என்று முறைப்படி அறிவித்தேன். அவள் கிளிப்பை எடுத்தாள், சுவிட்சைப் போட்டாள், பொத்தானையும் அவளே அழுத்தினாள். நான் பீரோவுக்குப் பின்னால் இருந்தேன். விசிறி சுற்றுகிற சத்தம் அங்கேயே கேட்டது.

இது நடந்தது வியாழக்கிழமை. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். நேற்று சனிக்கிழமை. நீங்கள் சொன்ன இடத்துக்குப் போனேன். பாழடைந்த ஒரு தொழிற்சாலைக்குள் நான்கு பேர் ஒன்றாகப் போக வேண்டிய விளையாட்டு. எங்கே பார்த்தாலும் கைப்பிடி இல்லாத படிக்கட்டு, வெளியேறும் வழிக்கு ஓர் அறிவிப்பு கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நான்காவது ஆளாகச் சேர்ந்துகொண்டு, மைக்கைப் போடப் பயந்து, வாயைத் திறக்காமல் பின்னாலேயே போனேன். காதில் அவன் குரல். வாய்விட்டுச் சிரிக்கிறான், மாப்பிள்ளை. அவன் இப்படிச் சிரிப்பான் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

கூட்டாளி ஒருவனுக்குப் பொறுமை போய்விட்டது. "யாருடா இந்தப் புது ஆளு? ஒவ்வொரு கதவுகிட்டயும் நின்னு நின்னு வர்றான். விட்டுட்டு வா, போயிடலாம்" என்றான்.

"இருடா, விட்டுட்டுப் போகாதே" என்றான் நம் பையன். "எங்கப்பாவும் இப்படித்தான் நடப்பாரு. நான் சின்னப் பையனா இருக்கறப்ப எந்த இடத்துக்குப் போனாலும் முதல்ல அவர்தான் உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போவாரு. அவர் மெதுவா வரட்டும்."

சொன்னது மட்டுமில்லை, கதவருகே நின்றான். நான் போய்ச் சேரும்வரை நின்றான்.

ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். கணினி விற்பனைக்கு இல்லை. நான் யார் என்று நீங்கள் அவனிடம் சொல்லிவிட வேண்டாம். அதை நானே சொல்ல வேண்டும்.