வெறும் துருதான்

"மாப்பிள்ளை, நீங்க செஞ்ச சிலுவை அழுவுது" என்றார் மாமியார்.

மாப்பிள்ளை அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரையோடு கூடத்துக்கு வந்து பார்த்தார். முந்தின நாள் மாலைதான் ஆணி அடித்து மாட்டிய சிலுவை. அதன் அடியிலிருந்து வெள்ளைச் சுவரில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. கோட்டின் நுனியில் ஒரே ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்றது.

மாமியார் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். மனைவி சமையலறை வாசலோடு நின்றுவிட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சொட்டு விழுந்தது. அது தரையைத் தொட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

துரு என்று மாப்பிள்ளைக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கி, ஈரம் போகத் துடைக்காமல் மாட்டினால் வேறென்ன வரும்? அதைச் சொல்ல வாயைத் திறந்தார், நுரைதான் வந்தது. போய்த் துப்பிவிட்டு வருவதற்குள் புத்தி வந்துவிட்டது. துரு என்று சொன்னால் வேலை சரியில்லை என்று ஆகும். வேலை சரியில்லை என்று ஆனால் கார் கொட்டகை கைவிட்டுப் போய்விடும்.

கொட்டகைக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மயிரிழை பிசகக்கூடாது, கை நடுங்கக்கூடாது, தும்மக்கூடக் கூடாது. வருஷக்கணக்கில் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறவனுக்கு எதையாவது ஓங்கி அடிக்க வேண்டும் என்று தோன்றத்தானே செய்யும்? வீட்டிலோ குரலை உயர்த்தக்கூட வழியில்லை, ஏனென்றால் அது மாமியாரின் வீடு. எங்கேயோ ஒரு கொல்லுப்பட்டறையில் விடுமுறை நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து, காலியாகக் கிடந்த கார் கொட்டகையில் உலையும் பட்டடைக்கல்லும் போட்டுக்கொண்டார். இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். பழைய ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் காய்ச்சி நாசம் செய்தார். ஒன்று நெருப்பிலேயே பொறி பறந்து பாதி காணாமல் போனது. இன்னொன்றை இலை மாதிரி தட்டப் போய் அது செருப்பு மாதிரி வந்தது.

இதற்கிடையில் மைத்துனன், மனைவியின் தம்பி, அதே கொட்டகையில் வண்ண மீன் தொட்டிகள் வைத்து வியாபாரம் செய்யப்போவதாகக் கிளம்பினான். மாமியார் நியாயம் சொன்னார். இந்த வீட்டுக்கு உருப்படியாக ஒரு காரியம் யார் முதலில் செய்து காட்டுகிறாரோ அவருக்குத்தான் கொட்டகை.

போட்டி அதோடு நின்றிருந்தால் நேர்மையாகவே முடிந்திருக்கும். நடுவில் பூனை வந்தது.

பூனையின் பெயர் வக்கீல். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒரு மியாவ் உண்டு. மாமனார் போன பிறகு உலகத்தில் தனக்கு மிச்சமிருக்கிற உறவு அதுதான் என்று மாமியார் சொல்வார், பெற்ற மகளையும் மகனையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டே. அந்த வக்கீல் ஒருநாள் மாப்பிள்ளையின் கரி மூட்டையில் தன் காலைக் கடனை முடித்தது. தெரியாமல் அவர் உலையை மூட்டினார். கிளம்பிய நாற்றம் கூடம், சமையலறை, படுக்கை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. இன்னொரு தரம் இப்படி நாறினால் உலை தெருவுக்குப் போய்விடும் என்றார் மாமியார். பூனையைக் குற்றம் சொன்னால் உலையோடு தானும் தெருவுக்குப் போக நேரும் என்று மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார்.

கொல்லன் பட்டறையில் ஈக்கே வேலையில்லை என்கிறார்கள், பூனைக்கு என்ன வேலை? எல்லோரும் அயர்ந்து தூங்கிய ஒரு மத்தியானம் வக்கீலைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு ஊரின் மறுகோடியிலிருந்த பழைய இரும்புக் கடைக்குப் போனார். அங்கே எலித் தொல்லை தாங்கவில்லை என்று கடைக்காரர் முன்பே புலம்பியிருந்தார். பூனையைப் பார்த்ததும் மனுஷருக்கு வாயெல்லாம் பல். வெறுங்கையோடு வீடு திரும்பினால் சந்தேகம் வருமே என்று மாப்பிள்ளை ஒரு கம்பி கேட்டார். கடைக்காரர் உள்ளே போய்த் தேடி நல்ல சதுரக் கம்பியாக ஒன்றை எடுத்துவந்து நீட்டினார், காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். வக்கீல் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்து மாப்பிள்ளையையே பார்த்தது. எதற்கும் எதிர்வாதம் செய்கிற பூனை அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் தேடினார்கள், தெருவெல்லாம் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையும் கூடவே போய் எல்லோரையும்விட உரக்கக் கூப்பிட்டார். மாமியார் வக்கீலின் பால் கிண்ணத்தை மட்டும் எடுக்கவில்லை. தினமும் ஊற்றுவார், தினமும் கொட்டுவார். பூனை படுத்திருந்த இடத்துக்கு மேலே சுவர் மொட்டையாக இருப்பதைப் பார்க்க முடியவில்லை, அங்கே மாட்ட ஏதாவது செய்து கொடுங்கள் என்று அவரே ஒருநாள் மாப்பிள்ளையிடம் கேட்டார். நெஞ்சு குறுகுறுத்தாலும் கேட்டது கொட்டகைக்கான சந்தர்ப்பம். சிலுவை செய்கிறேன் என்றார்.

மிச்சமிருந்தது அந்தச் சதுரக் கம்பி ஒன்றுதான். நெடுக அறுத்து, காய்ச்சி, இரண்டு பக்கமும் விரித்தால் ஒரே கம்பியிலிருந்து சிலுவை பிறக்கும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் இந்தக் கம்பி அறுபடவே மறுத்தது. வெண்ணெயாக வளையும் என்று சொன்ன சூட்டில் விறைத்துக்கொண்டு நின்றது. அடித்தால் சுத்தியல்தான் திரும்பி வந்தது. தன் கைக்குப் பலம் போதவில்லை என்று நினைத்தார். சிதறிய ஆணிகளைப் பொறுக்க வைத்திருந்த காந்தம்கூட அதைத் தொடவில்லை. உலைச் சூட்டில் காந்தம் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்தார். கடைசியில் ஒரு மத்தியானம், வீடு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தபோது, கம்பி திடீரென்று இளகிக்கொடுத்தது. அவர் கிடுக்கியால் தொட்டது சிலுவையின் ஒரு கையைத்தான். இரண்டு கையும் விரிந்தன.

பயமாக இருந்தது. ஆனால் அழகாக வந்திருந்தது. மாமியார் பார்த்துவிட்டுக் கண் கலங்கி, கொட்டகை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில்தான் சிலுவை அழுதது.

இப்போது புரியும், அவர் ஏன் துரு என்று சொல்லவில்லை என்பது. ஈரத்தில் சுவர் வியர்த்திருக்கும் என்று பொதுவாக எதையோ முனகிவிட்டு, சிலுவையைக் கழற்றிக்கொண்டு போய்த் தேய்த்துக் கழுவி, நெருப்பில் காட்டி உலர்த்தி, சுடச்சுட மெழுகு தடவி மாட்டினார். இனி ஒரு பொட்டு ஈரம் உள்ளே போகாது.

போகவில்லை. வெளியேதான் வந்தது. மறுநாள் மெழுகைத் துளைத்துக்கொண்டு கோத்த மணிகள் மாதிரி சிவப்புச் சொட்டுகள் நின்றன. சுவரில் கோடு இரண்டாகியிருந்தது. மாப்பிள்ளை ஒரு சொட்டை விரலில் தொட்டு, யாரும் பார்க்காதபோது முகர்ந்து பார்த்தார். இரும்பு வாசனை. துருதான், சந்தேகமில்லை என்று தைரியம் கொண்டார். இரும்பு வாசனை வேறு எதற்கு உண்டு என்று அவர் யோசிக்கவில்லை.

அந்த நேரத்தில் மனைவி குலுங்கி அழ ஆரம்பித்தாள். "நான்தாம்மா. அன்னிக்கு சமையக்கட்டு ஜன்னலைத் திறந்து வச்சுட்டேன். வக்கீல் அது வழியாத்தான் போயிருக்கும். அதான் இது என்னைப் பார்த்து அழுவுது."

மாமியார் மகளைக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். ஜன்னலுக்கும் பூனைக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. மனைவிக்குக் கைக்குட்டை மட்டும் கொடுத்தார்.

அடுத்து கறுப்புப் பெயின்ட். சந்து பொந்தெல்லாம் விடாமல் கெட்டியாகப் பூசி, நன்றாகக் காயவைத்து மாட்டினார். அன்று மாலை வரை ஒன்றுமில்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள். மறுநாள் காலையில் கோடு சுவரோடு நிற்கவில்லை. தரைக்கு இறங்கி, தரையில் நெளிந்து போய், மூலையில் இருந்த பால் கிண்ணத்தருகே முடிந்திருந்தது.

தரை அந்தப் பக்கம் சரிவு என்றார் மாப்பிள்ளை. அதை நிரூபிக்க ஒரு கோலிக்குண்டைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். குண்டு எதிர்ப்பக்கமாக உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மைத்துனன் வெளிறிப் போனான். "அத்தான், எனக்குக் கொட்டகையும் வேணாம், மீனும் வேணாம். நான் வாங்கி வச்சிருந்த தொட்டியில வக்கீல் கை வச்சதுன்னு அதுமேல செருப்பை விட்டெறிஞ்சேன். அப்புறம் அதை யாரும் பாக்கலை."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இன்னொருவர் சந்தோஷப்பட்டிருப்பார். மாப்பிள்ளையால் முடியவில்லை. அறிவுள்ளவர்கள் இப்படித் துருவைப் பார்த்து நடுங்குகிறார்களே என்று மனசுக்குள் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சாப்பிடும்போது சிலுவைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். முதுகு சில்லிட்டதால் எழுந்து வேறு பக்கம் உட்கார்ந்தார். பேசுவதை நிறுத்தினால் சொட்டும் சத்தம் கேட்டது, அதனால் வீட்டில் எல்லோரும் ஓயாமல் பேசினார்கள்.

கடைசியாக மாமியார் பேசினார். பால் கிண்ணத்தருகே தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க யாரும் இல்லை. நான்தான். அன்னிக்குக் காலைல அது கால்ல சிக்கி விழப் பாத்தேன். எங்கயாவது தொலைஞ்சு போ சனியனேன்னு திட்டிட்டேன். என் வாயால நான் சொன்ன ஒரே கெட்ட வார்த்தை அதுகிட்டத்தான். சொன்னபடி போயிடுச்சு."

உலை நாறிய அன்றைத் தவிர அந்த அம்மாள் மாப்பிள்ளையை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்த கை இப்போது காலிக் கிண்ணத்தைத் தடவிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல் இருந்தது.

"அத்தை, நான் ஒண்ணு சொல்லணும்."

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். சுவரிலும் சொட்டு விழாமல் நின்றது.

மனைவியின் முகத்தைப் பார்த்தார். அன்று வக்கீலைக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போன மைத்துனனைப் பார்த்தார். தைரியம் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது.

"இது வெறும் துருதான். என் வேலை சுத்தமில்லை. கொட்டகைக்காக மறைச்சுட்டேன். கொட்டகை எனக்கு வேணாம்."

சொல்லி முடித்ததும் பெரிய தியாகம் செய்துவிட்டதுபோல் நிமிர்ந்து நின்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று பூனைதான் நினைக்கும் என்பார்கள். மாமியார் பக்கத்தில் வைத்திருந்த காப்பி டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

"துருன்னா கவலையில்லை மாப்பிள்ளை. இதைப் பாருங்க, எவர்சில்வர். என் கல்யாணத்துக்கு வந்தது, இன்னி வரைக்கும் ஒரு புள்ளி துரு இல்லை. இந்த மாதிரி கம்பி கேட்டு வாங்கிட்டு வந்து ஒண்ணு செஞ்சுடுங்க. அது அழலைன்னா நம்ம மேல பழி இல்லைன்னு நான் நம்பிடறேன்."

அவருக்கு உயிர் வந்தது. இவ்வளவு எளிதில் எல்லோருக்கும் விடுதலை கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கொட்டகைகூடத் திரும்பி வரலாம். சிலுவையைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு அப்போதே கிளம்பினார். நடக்க நடக்கப் பை தொடையில் பட்டது. பட்ட இடமெல்லாம் பேன்ட் நனைந்துகொண்டே வந்தது. அதே பை என்று பாதி வழியில்தான் கவனித்தார்.

பழைய இரும்புக் கடையில் வக்கீல் தராசுத் தட்டில் படுத்திருந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது. அவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்த்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் கடைக்காரரிடம் நேரே விஷயத்துக்கு வந்தார். போன தடவை கொடுத்த கம்பி சுத்த மோசம், துருவாகக் கொட்டி வீட்டில் மானம் போகிறது, எவர்சில்வர் கம்பி இருந்தால் ஒன்று வேண்டும், இந்த முறை காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

கடைக்காரர் சிலுவையைப் பையிலிருந்து எடுத்தார். ஈரத்தைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, அரத்தால் ஓர் ஓரத்தில் பெயின்டைச் சுரண்டினார். சுரண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு தன் சிவந்த விரலைப் பார்த்தார்.

"என்ன சார் சொல்றீங்க? ஆசையா வளத்த பூனையைக் குடுத்த மனுஷனுக்குத் துருப்பிடிக்கிற கம்பியையா குடுப்பேன்? அன்னிக்கே எவர்சில்வர்தானே குடுத்தேன்."