மீதி ரெண்டு வண்டு

எதையும் எண்ணிப் பார்ப்பது என் வியாதி. பேருந்தின் படிகளை எண்ணுவேன், தட்டில் விழும் இட்லியை எண்ணுவேன், மனைவி விடும் பெருமூச்சையும் எண்ணுவேன். (இன்று இதுவரை நான்கு.) அப்பேர்ப்பட்டவன், எண்ணியே ஆகவேண்டிய ஒன்றை எண்ணாமல் விட்டு, தொண்ணூறுகளில் வேலையை இழக்கப் பார்த்தேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு விதைப் பண்ணையில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். நிறையக் காய்க்கும் பாசிப்பயறையும் வண்டு தொடாத ஒரு காட்டுப் பயறையும் ஒட்டுச் சேர்த்துப் பன்னிரண்டு வகைகள் உருவாக்கியிருந்தோம். எதில் வண்டு விழாது என்று பார்க்க, வகைக்கு ஒரு தகர டப்பாவில் பயறைப் போட்டு, பத்துப் பத்து வண்டுகளை உள்ளே விட்டேன். பண்ணையில் இருந்த வண்டே அந்த நூற்றிருபதுதான். ஒரு மாதம் திறக்கக் கூடாது. இது ஒழுங்காக முடிந்தால்தான் எனக்கு வேலை நீடிக்கும் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

அந்த வாரமே பொங்கலுக்குப் பண்ணை நான்கு நாள் அடைப்பு. எலிக்குப் பயந்து டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமனார் வீட்டில் என்னை விஞ்ஞானி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். வண்டு வளர்க்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? மனைவி செண்பகத்திடம், "பொன்னு மாதிரி விதை. கெட்டுப்போச்சுன்னா என் வேலை போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்க்க நாங்குநேரிக்குப் பஸ் ஏறினேன்.

மாதம் முடிந்து பண்ணையில் திறந்தால், ஒரு பயறிலும் ஓட்டை இல்லை. அதிகாரியிடம் ஓடினேன்.

"சார், பன்னெண்டும் ஜெயிச்சிட்டு!"

அவர் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். "என்னவே, வெளக்கெண்ணெ வாடை அடிக்கி? ஆமா, நீரு விட்ட வண்டு எங்க? செத்த பொணமாவது கெடக்கணும்லா?"

நான் எண்ணாதது அதைத்தான்.

சைக்கிளில் வீட்டுக்குப் பறந்தேன். "டப்பாவைத் தொறந்தியா?"

"தொறக்காம? வேலை போயிரும்னு பயங்காட்டிட்டு, வண்டு விழுந்த பயறையா வச்சிட்டுப் போவீங்க? ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன். வெயில்ல காயவச்சு, வீட்ல இருந்த வெளக்கெண்ணெ பூராவும் தடவிவச்சேன். உங்க வேலையைக் காப்பாத்துனதே நான்தான்."

தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் என் வாயில் வந்த கேள்வி: "எத்தனை வண்டு இருந்துச்சு?"

"நூத்திப் பதினெட்டு. உங்களைக் கட்டிக்கிட்டு எண்ணாம இருக்க முடியுமா?"

"மீதி ரெண்டு?"

"பறந்துபோச்சு."

பண்ணைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டார். "வெதை அலமாரியில இன்னும் இருக்கு. வண்டுக்கு எங்கவே போவேன்? நாளைக்கு வண்டோட வாரும், இல்லன்னா வராதேயும்."

மறுநாள் காலை அடுப்படியில் ஓர் அலறல். எண்ணெய் முழுவதையும் என் பயறுக்கே தடவியதில், செண்பகத்தின் சமையல் பயறு சும்மா கிடந்திருக்கிறது. பறந்துபோன இரண்டும் அதற்குள் குடும்பம் நடத்தி முடித்திருந்தன. பூச்சியைப் பார்த்து நான் கும்பிட்டது அன்றைக்குத்தான்! முறத்தில் கொட்டி இருவரும் எண்ணினோம். எழுபத்துநான்கு. டப்பாவுக்கு ஆறு வீதம் எழுபத்திரண்டு போதும். மீதி ரெண்டைக் கோழி தின்றது.

இந்த முறை பதினோரு வகைகள் சல்லடையாகிவிட்டன. ஒன்றே ஒன்றில் மட்டும் ஓட்டை விழவில்லை. வேலையும் தங்கியது, எனக்கு மூச்சும் வந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் வடை குறைந்தால், "மீதி ரெண்டு?" என்று என்னைத்தான் பார்ப்பார்கள். செண்பகமோ, அந்த ரெண்டையும் தான் வேண்டுமென்றே பறக்கவிட்டதாகச் சொல்கிறாள். இதுவரை இருநூற்றுப் பதினாறு முறை.