பரிசீலனையில் உள்ளது

கண்ணாடிப் பலகைக்கு முன்னால் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து அதைப் பார்த்ததுமே சென்றாயன் சைக்கிளை வேகமாக மிதித்தான்.

பாப்பிரெட்டிப்பட்டி தென்றல் வாசகசாலைக்கு அவன் பொறுப்பாளராகி ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஒன்பது வருடத்தில் அந்தப் பலகையை ஒரே நேரத்தில் இரண்டு பேர் படித்து அவன் கண்டதில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு, நின்றவர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். முந்தின நாள் மாலை அவனே ஒட்டிய தாள்தான். ‘நூல் திருப்பித் தராதவர்கள்’ என்று தலைப்பு. கீழே ஐந்து பெயர்கள். நான்காவது பெயர், திருமதி ஜானகியம்மாள், நர்ஸ். எதிரே ‘1 நூல்’.

"நம்ம நர்ஸம்மாவா?" என்றார் ஒருவர்.

மற்றவர்கள் சென்றாயனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஏழு பேரில் நான்கு பேராவது ஜானகியம்மாள் கையில் பிறந்தவர்களாக இருப்பார்கள்.

உள்ளே ஓடிப் பதிவேட்டைப் புரட்டினான். புத்தகம் வாங்கிப்போய் வருடக்கணக்கில் தராத உறுப்பினரின் எண் 174. அது சவுரியப்பன் என்ற லாரி டிரைவர். பெங்களூருக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். பெயர் எழுதும்போது சென்றாயன் பார்த்தது 147, நர்ஸம்மாவின் எண். ஜானகியம்மாளின் கணக்கில் ஒரு புத்தகமும் பாக்கி இல்லை. வாங்கிய புத்தகத்தை மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்துவிடுகிறவர் அவர்.

தாளை உடனே கிழித்துப் போட்டிருப்பான். ஆனால் பலகைக்குப் பூட்டு உண்டு, சாவி செயலாளரிடம் இருந்தது.

செயலாளர் அப்துல் ஷுக்கூர் கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பலகையில் எது ஏறினாலும் பொறுப்பாளர் எழுத வேண்டும், செயலாளர் படித்துத் திருத்த வேண்டும், தலைவர் ஒப்புதல் தர வேண்டும். மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கண்ணாடிக்குள் போகாது. இந்த விதியைக் கொண்டுவந்தவரே ஷுக்கூர்தான். அந்தப் பட்டியலிலும் மூன்று கையெழுத்தும் இருந்தன. ஷுக்கூர் விட்டுப்போயிருந்த இரண்டு ஒற்றெழுத்துகளைச் சிவப்பு மையால் போட்டுக் கொடுத்திருந்தார். பெயர்களை அவர் பார்க்கவில்லை. தலைவர் மாரப்பன், தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தார்.

சென்றாயன் விஷயத்தைச் சொல்லிச் சாவியைக் கேட்டான். ஷுக்கூருக்கும் முகம் வாடிவிட்டது. அவருடைய மூன்று பிள்ளைகளும் நர்ஸம்மா எடுத்த பிள்ளைகள். ஆனாலும் சாவியை எடுக்கவில்லை.

"ஒட்டறதுக்கு மூணு கையெழுத்துன்னா எடுக்கறதுக்கும் மூணு கையெழுத்துங்க. தலைவர் சேலத்துல மக வூட்டுக்குப் போயிட்டாரு. நான் மட்டும் எப்படி எடுக்கறது?"

"அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டுமா பாய்? அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது?"

ஷுக்கூர் யோசித்தார். தாளை எடுக்க முடியாது. ஆனால் செயலாளர் தன் பொறுப்பில் ஒரு தற்காலிகக் குறிப்பு சேர்க்கலாம் என்று விதியில் இடம் இருந்தது. ‘ஜானகியம்மாள் பெயர் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது’ என்று சென்றாயன் எழுதிக் கொடுத்தான். ஷுக்கூர் அதை அடித்தார். தவறு என்று முடிவு சொல்லும் அதிகாரம் தலைவருக்குத்தான் உண்டாம். கொஞ்ச நேரம் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நின்றவர், பிறகு தானே எழுதினார்.

மதியம் பட்டியலுக்குக் கீழே அந்தக் குறிப்பு ஏறியது: ‘திருமதி ஜானகியம்மாள் தொடர்பான விஷயம் பரிசீலனையில் உள்ளது.’

சாயங்காலம் பலகைக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள்.

வீட்டில் மனைவி சின்னம்மாள் சோற்றை வைத்தாள். இரண்டாவது பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிய காரியம். அன்றைக்கு நர்ஸம்மா பதினான்கு மணி நேரம் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னமோ பரிசீலனைன்னு போட்டிருக்கீங்களாமே. அந்தம்மாவப் பரிசீலிக்கற அளவுக்கு நீங்க யாருங்க?"

சென்றாயன் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி, மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலத்துக்குப் போனான். மாரப்பன் எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர், இளகிய மனசுக்காரர். விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டார். பெயரை நீக்கினால் மட்டும் போதாது, நீக்கிவிட்டுப் பேசாமல் இருந்தால் ஜனங்கள் கண்டதையும் பேசுவார்கள், அந்தம்மாளுக்கு மரியாதையாக ஏதாவது செய்ய வேண்டும் என்றார். தானே சொல்லச் சொல்லச் சென்றாயனை எழுதச் சொன்னார். இனிஷியலைச் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டார்.

மாலையில் பழைய தாள்கள் இரண்டும் இறங்கின. ஷுக்கூர் ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்துக் கொடுக்க, புதிய தாள் ஏறியது: ‘திருமதி ஜானகியம்மாள் நேர்மையானவர் என்று இந்த வாசகசாலை உறுதி கூறுகிறது.’

டீக்கடையில் அன்று வேறு பேச்சில்லை. ஒருவரை நேர்மையானவர் என்று போர்டு போட்டுச் சொல்ல வேண்டிய அளவுக்கு என்ன நடந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆஸ்பத்திரி மருந்தை விற்றாரோ என்பது வரைக்கும் பேச்சுப் போயிற்று. சென்றாயன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

அடுத்த நாள் காலை வாசகசாலை திறக்கும் முன்பே தையல்காரர் மஸ்தான் வாசலில் காத்திருந்தார்.

"பத்து வருசமா புஸ்தகம் வாங்கறேன், ஒரு நாள் லேட் பண்ணதில்ல. நர்ஸம்மா ஒருத்தர்தான் நேர்மைன்னு போட்டிருக்கீங்க. அப்ப நான் யாருங்க?"

அவருக்குச் சமாதானம் சொல்லி அனுப்புவதற்குள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். மத்தியானத்துக்குள் நேர்மைச் சான்று கேட்டுப் பதினோரு மனுக்கள் சேர்ந்துவிட்டன. ஷுக்கூர் அவற்றை வாங்கி வரிசை எண் போட்டு, பரிசீலனையில் வைத்தார். அப்படி வைத்தது தெரிந்ததும், தங்களைப் பரிசீலிக்க இவர் யார் என்று பதினோரு பேரும் சைக்கிள் கடை முன்னால் கூடிவிட்டார்கள்.

சிரிக்கக்கூடிய விஷயம் அதோடு முடிந்துவிட்டது. அன்று பிற்பகல் மாதையனின் மருமகளுக்கு இடுப்புவலி கண்டது. நர்ஸம்மா வீட்டுக்கு ஆள் போனபோது கதவு திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று உள்ளே இருந்தே பதில் வந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் கூப்பிட்டு அவர் வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை. வாடகைக் கார் பிடித்து அரூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே, காருக்குள், ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்தான். ஆனால் மாதையன் திரும்பி வந்ததும் நேராக வாசகசாலைக்கு வந்தார். திட்டவில்லை. சென்றாயன் முன்னால் தன் உறுப்பினர் அட்டையை வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

நர்ஸம்மா வீட்டில் வேலை செய்யும் பெரியம்மாளை வழியில் நிறுத்திக் கேட்டான். மூன்று நாளாக அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை என்றாள் அவள். தினமும் சாயங்காலம், இன்றைக்குப் பலகையில் என்ன ஒட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறாராம்.

இதற்கு மேல் எந்தத் தாளாலும் பிரயோஜனம் இல்லை என்று சென்றாயனுக்குத் தெரிந்தது. ஷுக்கூர் கடைக்குப் போய், கேட்காமலே சாவியை ஆணியிலிருந்து எடுத்தான். ஷுக்கூர் பார்த்தார், தடுக்கவில்லை. பலகையைத் திறந்து இருந்ததையெல்லாம் கிழித்தான். அப்படியே நர்ஸம்மா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான்.

கதவு பாதிதான் திறந்தது. ஜானகியம்மாள் மெலிந்து தெரிந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் கைகளைக் கட்டிக்கொண்டு, வரும் வழியில் மனப்பாடம் செய்ததையெல்லாம் மறந்துவிட்டுப் பேசினான்.

"எல்லாம் என் தப்புங்கம்மா. நம்பரை மாத்திப் பாத்துட்டேன். உங்க மேல எந்தக் குத்தமும் இல்ல. என் குடும்பத்துக்கு நீங்க செஞ்சதுக்கு நான் இப்படிப் பண்ணிட்டேன். என்ன மன்னிச்சிருங்க."

ஜானகியம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கதவின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகத்தைப் பார்க்கவும் பிடிக்காத அளவுக்கு அவரை நோகடித்துவிட்டோம் என்று சென்றாயன் நினைத்தான்.

"போர்டுல இனிமே என் பேரு வராதில்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வராதுங்கம்மா. என் உயிர் இருக்கற வரைக்கும் வராது."

"அது போதும் சென்றாயா. நீ போ. நீ மன்னிப்பெல்லாம் கேக்காத. எனக்குக் கஷ்டமா இருக்குது."

கதவு மூடிக்கொண்டது. இவ்வளவு பட்ட பிறகும் ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனுஷி. சென்றாயனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். நாளைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தான். அதற்கும் மூன்று கையெழுத்து வேண்டியிருக்குமே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

தெருமுனையில் யாரோ கூப்பிடுவது கேட்டுத் திரும்பினான். பெரியம்மாள் இரண்டு கையிலும் இரண்டு ஒயர் கூடைகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்க அவற்றைச் சைக்கிள் பக்கத்தில் இறக்கி வைத்தாள். கூடைகள் நிறையப் புத்தகங்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தான். முதல் பக்கத்தில் ஊதா மையில் வாசகசாலையின் முத்திரை இருந்தது. அலமாரியில் காணாமல் போய், கரையான் அரித்துவிட்டதாக அவனே வருடா வருடம் இருப்புக் கணக்கில் கழித்துவந்த புத்தகங்களில் ஒன்று அது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

பெரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு புஸ்தகம்னு போர்டுல போட்டிருந்தீங்களாமே, அது எந்தப் புஸ்தகம்னு அம்மாவுக்குத் தெரியலையாம். அதான் எல்லாத்தையும் குடுத்து வுட்டாங்க."